எந்தப் பாகம் சர்வர்?

அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட டெஸ்க்டாப்பின் மதர்போர்டு, அதோடு ஒட்டிவந்த பிராசசர், வேறொரு கடையில் கிடைத்த 8 ஜிபி ராம், புதிதாக வாங்கிய இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றையும் அடக்க ஒரு பழைய கேபினெட். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ அரை நாள் அலைந்தால் சேர்ந்துவிடும் சாமான்கள் இவை. டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஏற்றி மூலையில் ஓடவிட்டால் அதுதான் வீட்டுச் சர்வர். குடும்பத்தின் ஒளிப்படங்கள், பத்திரங்களின் நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. சில ஆண்டுகளில் ஒரு டிஸ்க் செத்துப்போகிறது, மாற்றுகிறார்கள். அடுத்து எஸ்எம்பிஎஸ் போகிறது. பிறகு ராம் போதவில்லை. ஒருநாள் மதர்போர்டே கைவிட, பிராசசரும் சேர்ந்து மாறுகிறது. இயங்குதளமும் பதிப்புக்குப் பதிப்பு புதுப்பிக்கப்படுகிறது. பத்தாண்டு கழித்துத் திறந்து பார்த்தால் முதல் நாள் பூட்டிய திருகாணிகூட உள்ளே இல்லை. வீட்டிலுள்ளவர்களோ அதே பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அதே சர்வர் என்றுதான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை உண்மையா, வெறும் வாய்ப்பழக்கமா? உண்மை என்றால் அதை உண்மையாக்குவது எது? இதை நான் பொழுதுபோக்குப் புதிராக எடுத்துக்கொள்ளவில்லை. உடலும் எண்ணமும் மாறிக்கொண்டேயிருக்கும் நாம், நேற்றுச் செய்ததற்கு இன்று ஏன் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

கேள்வி பழையது. கிரீட் தீவிலிருந்து தீசியஸ் மீண்டுவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகையைப் பொருத்தினார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹாவில் பௌத்த பிக்கு நாகசேனர், இந்தோ-கிரேக்க அரசன் மிலிந்தனிடம் அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, நுகம்தான் தேரா, அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை என்று அரசன் வாயாலேயே வருகிறது. பாகங்கள் கூடியிருக்கும்போது வழங்கும் பெயர் தேர். நாகசேனன் என்ற பெயரும் அப்படிப்பட்டதுதான் என்று முடிக்கிறார் பிக்கு. இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும்விட வீட்டுச் சர்வர் நல்ல சோதனை என்பது என் எண்ணம். கப்பலும் தேரும் தாம் போன இடத்தை நினைவில் வைப்பதில்லை. சர்வர் வைக்கிறது. தன் உள்ளடக்கம் கெட்டுவிட்டதா என்று தானே பார்த்துக்கொள்ளவும், கெட்ட இடத்தைத் தானே சரிசெய்யவும்கூட அதற்கு முடியும். பொருளுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரத்தில் அது மனிதனை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்த பொருள். ஆகவே அதைப் பற்றிச் சொல்லப்படும் பதில் நம்மையும் தொடும்.

மலிவாக, உதிரிகளிலிருந்து அசெம்பிள் செய்யப்பட்டதாக இருப்பதும் இந்தச் சோதனைக்கு முக்கியம். மூடி முத்திரையிட்டு ஒரே நிறுவனப் பெயரோடு வரும் பெட்டி, உள்ளே ஏதோ ஒற்றைப் பொருள் இருக்கிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. உதிரிகளால் ஆன சர்வர் அப்படி நினைக்க விடுவதில்லை. ஒவ்வொரு பாகமும் வேறு ஊரில், வேறு ஆண்டில் செய்யப்பட்டது. எதுவும் விலை உயர்ந்தது இல்லை. எல்லாமே ஒருநாள் போகும் என்று தெரிந்தே வாங்கப்பட்டது. இந்த அறிவை 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். பெருங்கணினிகளுக்கான ஒரு பெரிய, விலை உயர்ந்த டிஸ்குக்குப் பதிலாகப் பல மலிவு டிஸ்குகளை அணிவகுத்து வைக்கலாம் என்றார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு: டிஸ்குகள் கூடக் கூட, ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். பாகத்தைப் பழுதாகாததாக்க முயலாமல், பழுது வரும் என்று ஒப்புக்கொண்டு, நம்பகத்தை அடுக்கும் முறையில் வைத்தது அவர்களுடைய விடை. எளிமையாகச் சொன்னால், மூன்று டிஸ்குகளில் இரண்டு உள்ளடக்கத்தைச் சுமக்க, மூன்றாவது அவ்விரண்டுக்கும் உள்ள உறவை மட்டும் சுமக்கிறது: இரண்டிலும் ஒரே இரும இலக்கம் இருந்தால் பூஜ்யம், வேறு வேறு இலக்கம் இருந்தால் ஒன்று. மூன்றில் எது அழிந்தாலும் மற்ற இரண்டிலிருந்து அதைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். நிலையாமையை ஒப்புக்கொண்ட பிறகே நிலைத்தலைக் கட்ட முடிந்தது என்பது எனக்குச் சாதாரணப் பொறியியல் செய்தியாகப் படவில்லை.

இனி விடைகளைப் பார்ப்போம். பாகம்தான் பொருள் என்பது முதல் விடை. இதை இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. கணினியோடு சேர்த்து விற்கப்படும் விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் மதர்போர்டோடு பிணைத்திருக்கிறது. டிஸ்க், ராம், பிராசசர் எதை மாற்றினாலும் அதே கணினி. பழுது காரணமாக அல்லாமல் மேம்படுத்துவதற்காக மதர்போர்டை மாற்றினால் அது புதுக் கணினி, உரிமம் செல்லாது. வணிகத்துக்கு எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறார்கள். ஆனால் மற்றப் பாகங்களுக்கு இல்லாத உயிர்நிலை மதர்போர்டில் மட்டும் இருக்கிறது என்பதற்கு அந்தப் பலகையைப் புரட்டிப் பார்த்தால் சான்று கிடைக்காது. நாகசேனர் கேட்டது போல ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேட்டுக்கொண்டே போகலாம். எந்த உதிரியும் சர்வர் இல்லை. இந்த அளவில் பிக்கு சொன்னது சரி.

இதற்கு எதிராக நியாய மரபு வைத்த வாதம் வலிமையானது, எளிதில் ஒதுக்கக்கூடாது. கௌதமரின் நியாய சூத்திரமும் அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய பாஷ்யமும், பாகங்களுக்கு அப்பால் முழுமை என்ற ஒன்று மெய்யாகவே உண்டு என்கின்றன. முழுமை இல்லையென்றால் எந்தப் பொருளையும் ஒன்றாகக் காண முடியாது; ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுப் பொருளும் கூடவே வராது. மேலே சொன்ன மூன்று டிஸ்குகளை நினைத்தால் இந்த வாதத்தின் வலு தெரியும். அங்கே ஓர் ஒளிப்படம் எந்த ஒரு டிஸ்கிலும் முழுதாக இல்லை. ஒன்றைத் தனியாக எடுத்துப்போய் வேறு கணினியில் செருகினால் கிடைப்பது வெட்டுண்ட துணுக்குகள். படம் இருப்பது அணியில். அணி பாகங்களின் கூட்டுத்தொகைக்கு மேலான ஒன்றைச் செய்கிறது. ஆனால் நியாய வைசேஷிகர் இந்த முழுமைக்கு ஒரு பெரிய விலை கொடுக்கிறார்கள். முழுமை தன் பாகங்களில் பிரிக்க முடியாதபடி உறைகிறது என்பதால், ஒரு பாகம் நீங்கினாலோ கூடினாலோ பழைய முழுமை அழிந்து புது முழுமை பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் இருப்பது வேறு துணி. அப்படியானால் ராம் ஒன்றைக் கூடுதலாகச் செருகிய நொடியில் பழைய சர்வர் அழிந்து புதிது பிறந்துவிடுகிறது. பத்தாண்டு நீடிப்பை விளக்குவதற்காகக் கொண்டுவந்த முழுமை, ஒரு பழுதுபார்ப்பைக்கூடத் தாங்கவில்லை. உடனிகழ்கால ஒருமையை நியாயம் அழகாக விளக்குகிறது. காலத்தின் ஊடான ஒருமையைக் கைவிட்டுவிடுகிறது.

கணினி தெரிந்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவது விடைக்குத்தான் வருவார்கள்: பெட்டி முக்கியமில்லை, உள்ளே இருக்கும் தகவல்தான் சர்வர். இதற்கு நல்ல ஆதாரங்களும் இருக்கின்றன. தொலைவிலிருந்து சர்வரை அணுக 1995 முதல் புழக்கத்திலுள்ள எஸ்எஸ்ஹெச் முறை, எதிரே இருப்பது அதே கணினிதானா என்று பார்க்கும்போது பாகங்களைக் கேட்பதில்லை. அந்தச் சர்வருக்குரிய ரகசியச் சாவியை மட்டும் சரிபார்க்கிறது. சாவியைப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் அதே சர்வர் என்று அமைதியாக உள்ளே விடுகிறது. பழைய பெட்டியிலேயே சாவியை மட்டும் புதிதாக உருவாக்கினால், அடையாளம் மாறிவிட்டது, யாரோ இடையில் புகுந்திருக்கலாம் என்று உரத்து எச்சரிக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மாத்யூ ஆரன்ஸும் 2001-ல் தொடங்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை இன்னும் ஆழமாகப் போகிறது. எழுதப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதை அந்தத் துண்டிலேயே வைக்காமல் அதைச் சுட்டும் மேல்துண்டில் வைக்கிறது. அந்த மேல்துண்டுக்கும் இன்னொன்று சாட்சி. இப்படி உச்சி வரை. பத்தாண்டுக்கு முன் போட்ட படம் ஒரு புள்ளிகூட மாறாமல் இன்றும் இருக்கிறதா என்பதை நம்பிக்கையாக அல்லாமல் கணக்காகவே காட்டிவிடலாம். டிஸ்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெரியதாக மாற்றிக்கொண்டே போனாலும், ஒருநாள்கூட நிற்காமல் உள்ளடக்கம் பழையதிலிருந்து புதியதற்கு நடந்துவந்துவிடும். தீசியஸ் கப்பலுக்கு இப்படி ஒரு சான்று இருந்ததில்லை.

இருந்தும் இந்த விடையும் தேறாது. காரணம், தகவலை நகலெடுக்கலாம். 1655-ல் வெளிவந்த தம் லத்தீன் நூலில் தாமஸ் ஹாப்ஸ் தீசியஸ் கப்பலுக்கு ஒரு திருகல் கொடுத்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் பத்திரமாகச் சேர்த்துவைத்து அதே வரிசையில் மீண்டும் கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் கற்பனையாகச் சொன்னது சர்வரில் அன்றாடம் நடக்கக்கூடியது. ஒன்றுக்கொன்று கண்ணாடியாக இயங்கும் இரண்டு டிஸ்குகளை இசட்எஃப்எஸ்ஸில் ஒரே கட்டளையால் பிரித்துவிடலாம். இரண்டிலும் ஒரே உள்ளடக்கம், ஒரே கடந்தகாலம். தகவல்தான் சர்வர் என்றால் இரண்டும் அதே சர்வர். ஆனால் இரண்டு பொருள் ஒன்றாக முடியாது. அந்தக் கட்டளை பிரிந்துபோகும் பாதிக்கு ஒரு புதுப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது, உள்ளடையாள எண்ணையும் மாற்றிவிடுகிறது. பெரிய நிறுவனங்களில் இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று துணையாக ஓடும்போது இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது, நான்தான் தலைமை என்று எண்ணி எழுதத் தொடங்கும். சிறிது நேரத்தில் இரண்டு கணக்குகளும் சேர்க்க முடியாதபடி விலகிவிடும். அதைத் தடுக்க, ஒன்றின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஏற்பாட்டை வைத்திருப்பார்கள். பூரி ஜகந்நாதர் கோயிலின் நவகளேபரச் சடங்கில் இதே கவனத்தை நான் பார்க்கிறேன். கடைசியாக 2015-ல் நடந்த அந்தச் சடங்கில் வேப்பமரத்தில் புதுத் திருமேனிகளைச் செதுக்கி, பிரம்ம பதார்த்தம் எனப்படுவதைக் கண்கட்டோடு சேவகர்கள் பழைய திருமேனியிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள். பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்து, உறவினர் இறந்தது போலத் தீட்டும் காக்கிறார்கள். மாற்றப்படும் அந்தப் பொருளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அடக்கம் செய்வதும் அதே அளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது: உரிமை கோரும் இரண்டாவது திருமேனி எங்கும் நிற்கக்கூடாது என்பதை அந்த மரபு அறிந்திருக்கிறது.

பாகமும் இல்லை, முழுமையும் இல்லை, தகவலும் இல்லை என்றால் நாகசேனர் சொன்னபடி வெறும் பெயர்தான் மிஞ்சுகிறதா? என் விடை வேறு. ஒருவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு தொடர்கிறது. அந்தத் தொடர்ச்சிதான் அதே சர்வர் என்பதன் பொருள். நீங்கள் கொடுத்ததை நான் வைத்திருப்பேன், கேட்கும்போது தருவேன் என்று அந்தப் பெட்டியின் சார்பில் யாரோ ஒருவர் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கை முறியாமல் அடுத்த பாகத்திடம் ஒப்படைக்க முடிகிற வரை சர்வர் அதுவேதான். பழைய நூல்களிலேயே இதற்கு ஆதரவு இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். தீசியஸ் கப்பலை ஏதென்ஸ் மக்கள் அருங்காட்சியகப் பொருளாக வைத்திருக்கவில்லை. பிளேட்டோவின் ஃபீடோ உரையாடலின் தொடக்கத்தில் காரணம் சொல்லப்படுகிறது: தீசியஸும் அவனோடு போனவர்களும் உயிர்தப்பினால் ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குக் காணிக்கைப் பயணம் அனுப்புவதாக அப்பல்லோவிடம் நேர்ந்துகொண்டார்கள். அந்தக் கப்பல் போய்த் திரும்பும் வரை நகரில் மரண தண்டனை கூடாது. கி.மு. 399-ல் சாக்ரடீசுக்குத் தீர்ப்பு வந்த பிறகும் அவர் சிறையில் பல நாள் காத்திருந்தது இதனால்தான். பலகைகள் எத்தனை மாறியிருந்தாலும், எந்தக் கப்பல் திரும்ப வேண்டும் என்பதில் சிறைக்காவலருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. நேர்த்திக்கடனைச் சுமந்துபோனது எதுவோ அது. பின்வந்தவர்கள் பலகைகளை எண்ணினார்கள், நேர்ச்சையை மறந்துவிட்டார்கள். மிலிந்தனின் முதல் கேள்வியும் பாகங்களைப் பற்றியது அன்று. நாகசேனன் என்று ஒருவர் இல்லையென்றால் சீலத்தைக் காப்பது யார், கொலை செய்தவன் யார், புண்ணியமும் பாவமும் யாருக்கு என்றுதான் அரசன் பதறினான். பொறுப்பைப் பற்றிய கேள்விக்குத் தேரின் பாகங்களைக் காட்டி விடை வந்தது.

அதே நூலில் வேறோர் இடத்தில் நாகசேனர் பொறுப்புக்கு நேராகவே வருகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாம்பழம் திருடியவன், நான் எடுத்த பழம் மரத்துக்காரன் நட்ட பழம் இல்லையே என்று வாதிட்டால் தப்ப முடியுமா? முடியாது, நட்டதிலிருந்து வந்ததே எடுத்தது. காரணத் தொடர்ச்சி இருந்தால் பொறுப்பும் உண்டு, நிலையான ஆள் ஒருவர் வேண்டியதில்லை. இதைத் தமிழில் சமணரும் சைவரும் கடுமையாக எதிர்த்தார்கள். சமணக் காப்பியமான நீலகேசியின் தலைவி பௌத்த ஆசிரியர்களைத் தேடித்தேடி வாதிட்டதும், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை மறுத்ததும் தமிழ்த் தத்துவத்தின் வலுவான பகுதிகள். அவர்கள் தரப்பின் மையமான தடை இது: எல்லாம் கணத்துக்குக் கணம் அழியுமானால் வினை செய்தவன் ஒருவன், பயனை நுகர்பவன் வேறொருவன் ஆகிவிடாதா? சர்வரில் இதற்கு ஒரு துல்லியமான நிகழ்வு இருக்கிறது. மலிவுக் கணினிகளின் ராம் பெரும்பாலும் பிழையைத் தானே கண்டு திருத்தும் வகையைச் சேர்ந்ததில்லை. அதில் ஒரு புள்ளி புரண்டுவிட்டதாகவும், சரிபார்ப்பு எண் கணக்கிடப்படுவதற்கு முன்பே அது நடந்ததாகவும் வைத்துக்கொள்வோம். பிழையான துண்டுக்குச் சரியான முத்திரை விழுந்துவிடும். அதன்பின் இசட்எஃப்எஸ் அந்தப் பிழையை உண்மை என்றே காக்கும். ஒவ்வொரு சோதனையிலும் தேறியதாகச் சொல்லும். புது டிஸ்குக்கு அப்படியே கொண்டுசேர்க்கும். பிழை செய்த ராம் என்றோ குப்பைக்குப் போய்விட்டது. டிஸ்குகளும் மாறிவிட்டன. அந்தத் துண்டைக் கொண்ட குழந்தைப் படம் ஒன்றில் குறுக்கே ஓடும் சாம்பல் பட்டை மட்டும் இருக்கிறது. செய்த பாகம் இல்லை, பயன் இருக்கிறது. நிலையான ஆன்மா ஒன்றில்லாமல் வினை பின்தொடர முடியுமா என்ற ஐயத்துக்கு, முடியும் என்பதே இங்கே கிடைக்கும் விடை. இதில் நான் பௌத்தர் பக்கம். ஆனால் காரணத் தொடர்ச்சி மட்டும் போதும் என்பதில் அவர்களோடு உடன்பட இயலவில்லை. பிரிந்த இரண்டு பாதிகளுக்கும் அதே காரணத் தொடர்ச்சி இருக்கிறது. எது குடும்பத்துக்குப் பதில் சொல்லும் சர்வர், எது அலமாரியில் வைத்த நகல் என்பதைத் தொடர்ச்சி தீர்மானிப்பதில்லை. பொறுப்பை எதனிடம் ஒப்படைத்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

இப்படிச் சொன்னால் ஒருமை என்பது நம் விருப்பத்துக்கு விட்ட விஷயமாகிவிடாதா, எதை வேண்டுமானாலும் அதே சர்வர் என்று அறிவித்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அறிவிக்கலாம், வாக்கைக் காப்பாற்ற முடியாது. வெற்றுப் பெட்டி ஒன்றுக்குப் பழைய பெயரைச் சூட்டிவைத்தால், பாட்டியின் படத்தைக் கேட்கிற முதல் ஆளிடமே அது தோற்றுவிடும். பொறுப்பு மனிதர்கள் ஏற்பது என்றாலும் அதை நிறைவேற்றுவதற்கு உலகம் விதிக்கும் நிபந்தனைகள் நம் கையில் இல்லை. உள்ளடக்கம் கெடாமல் வந்திருக்க வேண்டும், பாகங்கள் ஒன்றாக இயங்க வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு மின்சாரம் கட்ட வேண்டும்; 20 வாட் இழுக்கும் பெட்டிகூட இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 175 யூனிட் ஆகிறது. தகவல்வாதியும் நியாயவாதியும் சொன்னவை இந்த நிபந்தனைகளாக மீண்டும் உள்ளே வருகின்றன. அவர்கள் தேவையானதைச் சொன்னார்கள்; போதுமானதைச் சொல்லவில்லை என்பதே என் குறை. இன்னொரு தடை இதைவிடக் கூர்மையானது. யாரும் பொறுப்பேற்காமல் ஒரு சர்வர் தானே ஓடிக்கொண்டிருந்தால் அது சர்வர் இல்லையா? வைத்தவர் இறந்துவிட்டார் என்று கொள்வோம். டிஸ்குகள் பாதுகாப்புக்காகக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டவை. சொல் அவரோடு போய்விட்டது. பாகங்கள் எல்லாம் அவையே. அணியின் முழுமை குலையவில்லை. தகவல் ஒரு புள்ளியும் மாறவில்லை. சரிபார்ப்பு எண்கள் ஒத்துப்போகின்றன. மேலே சொன்ன மூன்று விடைகளின்படியும் சர்வர் குறையின்றி இருக்கிறது. வீட்டாருக்கு அது இல்லை. மூன்று அளவுகோல்களும் இருக்கிறது என்று சொல்லும் இடத்தில், இழந்துவிட்டோம் என்று அழுகிறவர்களை நான் நம்புகிறேன்.

நூல்களின் கதையும் இதையே காட்டுகிறது. நம் பருவநிலையில் ஓலைச்சுவடிக்கு ஆயுள் அளவானது. அது உளுக்குமுன் வேறோர் ஓலைக்குப் படியெடுக்கப்பட வேண்டும். இன்று நம்மிடமுள்ள மணிமேகலைக்கு ஆதாரமான எந்த ஓலையும் அதன் ஆசிரியர் கைபட்டதில்லை, 1898-ல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டதும் படிகளின் படிகளைக் கொண்டுதான். அது அதே மணிமேகலைதான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதோடு ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட, அதைப் போலவே பௌத்த நூலான குண்டலகேசியோ முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டுப் போன்ற தொகைநூலிலும், அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையிலும் துணுக்குகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. தமிழகத்தில் பௌத்தர் அருகிப்போனபின் அதைப் படியெடுத்துக் காப்பது தன் கடமை என்று எண்ண ஆளில்லாமற்போனதே காரணம் என்று நான் கருதுகிறேன். ஓலையின் தரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதை மனிதர்கள் மேல் வைத்துப் பார்த்தால் எதுவரை செல்லும்? தேர் உவமையின் நோக்கமே நம்மிடம் நிலையான நான் இல்லை என்று காட்டுவது. தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984-ல் எழுதிய நூலில் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்து, புத்தரின் பார்வையோடு தம் பார்வை ஒத்துப்போவதையும் குறிப்பிட்டார். நாம் நீடிக்கிறோமா என்பது ஆழமான கேள்வியே இல்லை, நம் நினைவுகளும் நோக்கங்களும் தொடர்வதே முக்கியம் என்றார். சர்வரை வைத்துப் பார்த்தால் பாதிவரை அவரோடு போகலாம். நினைவுத் தொடர்ச்சி இருந்தும் ஒருமை தீர்மானமாகாத நிலைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் சர்வருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சர்வரின் பொறுப்பு இரவல். அதன் சார்பில் வேறு யாரோ வாக்குக் கொடுக்கிறார்கள். நமக்கு நாமே கொடுக்கிறோம். ஒரு நான் இருந்து வாக்குக் கொடுக்கிறது என்பதைவிட, கொடுத்த வாக்கைத் தன்னுடையது என்று மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்வதில்தான் நான் என்பது உருவாகிறது என்று சொல்வேன். சைவ சித்தாந்தி இதை ஏற்கமாட்டார். எடுத்துக்கொள்ள ஓர் உயிர் முன்பே இருக்க வேண்டாமா என்பார். நியாயமான கேள்வி. எடுத்துக்கொள்ளும் ஆற்றல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆற்றல் மாறாத ஒரு பொருளாக இருந்தாக வேண்டும் என்பதற்குத்தான் காரணம் தெரியவில்லை. இருபது ஆண்டுக்கு முன் கடன் வாங்கியவர், அன்றைய நான் வேறு, என் எண்ணங்களும் நம்பிக்கைகளும் முற்றிலும் மாறிவிட்டன என்று சொன்னால், அவர் மாறியது முழு உண்மையாகவே இருக்கலாம். அந்த மாற்றம் அவருடைய பழைய கருத்துகளிலிருந்து அவரை விடுவிக்கும். கடனிலிருந்து விடுவிக்கக்கூடியவர் கொடுத்தவர் மட்டுமே. வீட்டு மூலையிலுள்ள பெட்டிக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். புதுப் பெட்டி ஒன்றை அசெம்பிள் செய்து எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, பழைய டிஸ்குகளை அழித்துவிடலாம் என்று அதைப் பராமரிப்பவர் தனியாக முடிவெடுக்க முடியாது. தம் படங்களையும் பத்திரங்களையும் அதை நம்பிக் கொடுத்தவர்கள் புதிய பெட்டியில் அவற்றைத் திறந்து பார்த்து, சரி, எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் வரை பழையதுதான் சர்வர்.